கட்டற்றது கட்டாக்காலி அல்ல

(மன்னாரில் நடந்த பொதுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பேச்சைத் தொடங்க முன்னர் ஒரு வேலையைத் தொடக்கிவிடுவோம். இந்த மேசையில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. 2012இல் வாங்கியது. மின்கலம் செத்து நாலு வருடம். எங்கள் உப்புக் காற்றில் திருகாணியெல்லாம் கறல் பிடித்துவிட்டது. இனி உதவாது என்று சொந்தக்காரர் கழித்துவிட்டதை நான் கேட்டு வாங்கி வந்தேன். நான் கதைத்து முடிக்கிற நேரத்துக்குள் இதில் டெபியன் என்ற லினக்ஸ் பணிசெயல் முறைமையை நிறுவப் போகிறோம். மண்டபத்தில் கரன்ட் போனால் இதுவும் போகும், என் மானமும் போகும். ஆகவே எல்லோரும் அவரவர் கடவுளிடம் ஒருமுறை சொல்லி வையுங்கள்.

உயர்தரம் படிக்கிற ஒருவர் மேடைக்கு வேண்டும். வாங்கோ தங்கச்சி, பயப்பட வேண்டாம். பென்ட்ரைவ் ஏற்கெனவே செருகியிருக்கிறது. என்ன மொழி என்று கேட்கிறதா? பட்டியலில் கீழே போங்கள். தமிழ் இருக்கிறது, பாருங்கள். அதைத் தெரிவு செய்யுங்கள். நாடு இலங்கை. இணையம் வேண்டாம், எல்லாம் பென்ட்ரைவில் இருக்கிறது. அடுத்து ரூட் என்பவருக்குக் கடவுச்சொல் கேட்கும். வெறுமையாக விடுங்கள்; ஏன் என்று பிறகு சொல்கிறேன். இப்போது உங்கள் பெயர், உங்களுக்கு ஒரு கடவுச்சொல். நான் அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறேன். முன்வரிசைக்காரரும் மேலே பாருங்கள். அடித்தாயிற்றா? கடைசியாக, வட்டில் உள்ளதையெல்லாம் அழித்து எழுதவா என்று கேட்கிறது. நன்றாகக் கவனியுங்கள்: ஆம், இல்லை என்ற இரண்டில் அது தானாகத் தெரிவு செய்து வைத்திருப்பது 'இல்லை' என்பதை. நீங்கள் கையால் மாற்றி 'ஆம்' என்று சொன்னால்தான் அழிக்கும். சொல்லுங்கள். நன்றி தங்கச்சி, அந்தக் கதிரையிலேயே இருங்கள். இடையில் ஒன்றிரண்டு கேள்வி கேட்கும். கேட்டால் எனக்குக் கை காட்டுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கப் போன வாரம் பேசாலைப் பக்கம் போயிருந்தேன். ஒரு பெரியவரிடம், 'கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேசப்போகிறோம், வாருங்கள் ஐயா' என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: 'கட்டாக்காலி மென்பொருளோ தம்பி?'

நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை அது. மன்னார்க்காரருக்குக் கட்டாக்காலி என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும், நடுவீதியில் படுக்கும், மழை வந்தால் கடை விறாந்தையில் ஒதுங்கும். எங்கள் கழுதைகள்! ஒருகாலத்தில் பொதி சுமந்தவை. லொறி வந்தபிறகு கட்டை அவிழ்த்துவிட்டார்கள். கட்டு இல்லை, சரி. ஆனால் அடிபட்டால் மருந்து போட ஆள் உண்டா? குட்டி ஈன்றால் பார்க்க ஆள் உண்டா? இல்லை என்பதால்தானே கடைசியில் இரக்கமுள்ள சிலர் அவற்றுக்கென்று ஒரு மருத்துவ நிலையத்தையே இங்கே அமைக்க வேண்டிவந்தது?

அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். காசு கேட்காமல், யாருடையது என்று தெரியாமல் வந்து நிற்கும் இந்த லினக்ஸ், எங்கள் வீதிக் கழுதை மாதிரியா? இல்லை என்றால் இதைப் பார்த்துக்கொள்வது யார்?

கதை 1980ஆம் ஆண்டளவில் ஓர் அச்சுப்பொறியில் தொடங்குகிறது. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற இளைஞர் இருந்தார். அங்கே புதிதாக வந்த அச்சுப்பொறியில் தாள் அடிக்கடி சிக்கும். பழைய பொறியாக இருந்தபோது அதன் நிரலைத் திருத்தி, 'தாள் சிக்கிவிட்டது, வந்து பாருங்கள்' என்று எல்லோருக்கும் செய்தி போகும்படி வைத்திருந்தார். புதிய பொறிக்கும் அப்படிச் செய்ய அதன் மூலநிரல் வேண்டும். வைத்திருந்த ஒருவரிடம் போய்க் கேட்டார். தரமாட்டேன் என்றுவிட்டார். உங்கள் வள்ளத்து எஞ்சினின் மூடியை நீங்களே திறக்கக்கூடாது என்று ஒரு கம்பனி சொன்னால் எப்படி இருக்கும்? நடுக்கடலில் எஞ்சின் நின்றால், கரையில் இருக்கும் கம்பனிக்காரன் வரும்வரை மிதந்துகொண்டிருங்கள் என்றால் எப்படி இருக்கும்? அந்தக் கோபம்தான் ஸ்டால்மனுக்கு வந்தது. 1983இல் க்னூ என்ற திட்டத்தை அறிவித்தார். யாரும் பயன்படுத்தலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். அப்படி ஒரு முழு முறைமையை எழுதப்போகிறோம் என்றார்.

சில வருடங்களில் வீடு ஏறக்குறையக் கட்டியாகிவிட்டது, கரு என்ற நடுத்தூண் மட்டும் வரவில்லை. லினக்ஸ் என்ற அந்தத் தூணைக் கொண்டுவந்தவர் பின்லாந்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயதுப் பையன், லினஸ் டோர்வால்ட்ஸ். 1991 ஆகஸ்ட் 25ஆம் திகதி, தான் ஒரு முறைமையை எழுதிக்கொண்டிருப்பதாகவும், அது வெறும் பொழுதுபோக்குத்தான், பெரிதாக ஒன்றும் வராது என்றும் அறிவித்தார். பொழுதுபோக்கு எங்கே போய் நின்றது? உங்கள் சட்டைப் பையில் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருந்தால் அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் கருதான். உலகின் வேகமான 500 மீகணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் தொடங்கி 500இலும் லினக்ஸ். பெரிதாக வராது என்று சொன்னவர் வாயில் சர்க்கரை போடமுடியாது, பொய்த்துவிட்டது.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். லினக்ஸுக்குக் கயிறு இல்லை. ஆனால் உரிமம் இருக்கிறது. ஜிபிஎல் என்பார்கள். அதன் சாரம் இவ்வளவுதான்: நீ திருத்தியதை மற்றவருக்குக் கொடுக்கிறாய் என்றால், எந்தச் சுதந்திரத்தோடு உனக்கு வந்ததோ அதே சுதந்திரத்தோடு, மூலநிரலையும் சேர்த்துக் கொடு. அவ்வளவு கண்டிப்பு. கட்டாக்காலிக்கு ஒருவரும் பொறுப்பில்லை. கட்டற்றதற்கு, கை வைத்த ஒவ்வொருவரும் பொறுப்பு.

பொறுப்பு என்பது ஏட்டில்தான் என்று நினைக்கிறீர்களா? எங்கள் நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26. சுனாமி. இந்த நாட்டில் மட்டும் 30,000க்கு மேற்பட்ட உயிர்கள். யார் எந்த முகாமில் இருக்கிறார்கள், யாருடைய பிள்ளையைக் காணவில்லை, எந்த அமைப்பு எங்கே உதவி கொடுக்கிறது, எந்த ஊருக்கு இன்னும் ஒன்றுமே போகவில்லை என்பதெல்லாம் கடதாசியில் எழுதி எழுதிச் சிதறிக் கிடந்தது. அப்போது கொழும்பில் மென்பொருள்துறை இளைஞர்கள் பலர் சேர்ந்து, நாட்கணக்கில் உறங்காமல் ஒரு முறைமையை எழுதினார்கள். லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதற்குத் துணை நின்றது. பெயர் 'சகன', சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். எழுதி முடித்ததும் பூட்டி வைத்தார்களா? விலை பேசினார்களா? கட்டற்ற மென்பொருளாகத் திறந்து விட்டார்கள். அதனால்தான் 2005இல் பாகிஸ்தானில் நிலம் அதிர்ந்தபோது அங்கே அது போனது. 2010இல் ஹெய்ட்டி வரை போனது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 'சகன'வுக்குக் கொடுத்தது.

இன்னும் சிறிய ஒன்று. தங்கச்சியின் முன்னால் இருக்கும் டெபியன் களஞ்சியத்தில் எல்கேலக் என்று ஒரு சிங்கள எழுத்துரு இருக்கிறது. இலங்கை லினக்ஸ் பயனர் குழுவினர் செய்தது. உலகில் எந்த மூலையில் இருப்பவரும் அதை நிறுவலாம். தமிழுக்கு? 2000ஆம் ஆண்டளவில் இருந்தே தமிழ்நாட்டிலும் கனடாவிலும் எங்கள் மண்ணிலும் இருந்தவர்கள், வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து, கேடிஇ, க்னோம் மேசைத்தளங்களின் சொற்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினார்கள். சம்பளம் இல்லை. சற்றுமுன் திரையில் 'தமிழ்' என்று வந்ததே, அது தானாக வந்ததில்லை. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இலக்கமாக்கி 2005 முதல் இணையத்தில் வைக்கிறதே நூலகம் என்ற தளம், அது நிற்பதும் மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளின் மேல்தான்.

தங்கச்சி கை காட்டுகிறார். என்ன கேட்கிறது? எந்த மேசைத்தளம் வேண்டும் என்றா? க்னோமில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். எக்ஸ்எஃப்சிஇ என்பதில் குறியிடுங்கள். இந்தக் கிழட்டு இயந்திரத்துக்கு அதுதான் தாங்கும். தொடர்க என்று அழுத்துங்கள். இனிக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

இதை ஏன் மன்னாரில் வந்து கதைக்கிறேன்? கொழும்பில் கதைக்கலாமே?

எதுவும் கடைசியாக வந்துசேரும் இடம் எங்கள் தீவு. 1990இல் போரில் எங்கள் பாலம் தகர்ந்தது. புதுப்பாலம் 2010இல்தான் திறந்தது. தலைமன்னாருக்கு ரயில் திரும்பி வந்தது 2015இல். அக்கரையில் தனுஷ்கோடி, இடையில் ஒரு மணல்திட்டு வரிசை. 1964 புயலுக்கு முன் கப்பலேறிப் போய் வந்த தூரம் இன்று சுற்றிப் போகும் தூரம். வெளியில் இருந்து ஆள் வந்து திருத்துவான் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான் என்பதை இந்த ஊர் நன்றாகப் படித்திருக்கிறது. அதனால்தான் எங்கள் கரையில் எஞ்சின் கழற்றத் தெரியாத தொழிலாளி அரிது.

ஆனால் கணினிக்கு மட்டும் என்ன செய்கிறோம்? வேகம் குறைந்தால் கடைக்குக் கொண்டுபோய், 'அண்ணை, போர்மட் அடிச்சுத் தாங்கோ' என்கிறோம். அவர் ஒரு திருட்டு விண்டோஸை ஏற்றித் தருகிறார். ஆறு மாதத்தில் வைரஸ். மறுபடியும் கடை. 2022இல் டொலர் ஏறியதோடு புது மடிக்கணினியின் விலை ஆசிரியர் சம்பளத்தில் பல மாதங்களை விழுங்கும் நிலைக்கு வந்தது. அதன்மேல் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 போடலாமே என்றால், பழைய இயந்திரங்கள் பலவற்றை அது வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு இரண்டாம் பதிப்பு வேண்டும், புதிய செயலி வேண்டும் என்கிறது. அப்படியென்றால் நல்ல உயிரோடு இருக்கும் இந்த மாதிரிக் கணினிகளை என்ன செய்வது? கடலில் போடுவதா?

சரி, நிறுவுவது எப்படி? பாதியைத் தங்கச்சி செய்து காட்டிவிட்டார். மீதியைச் சொல்கிறேன்.

முதலில் நிறுவற்கோப்பை இறக்க வேண்டும். சில ஜிபி வரும். இறக்கியதும் எல்லோரும் தாண்டிப் போகும் ஒரு படி இருக்கிறது: சரிபார்ப்புத் தொகை. கொழும்பிலிருந்து வந்த அரிசி மூட்டையைக் கடைக்காரர் தராசில் ஏற்றிப் பார்க்காமல் உள்ளே எடுப்பாரா? இதுவும் அப்படித்தான். கோப்பைக் கணக்கிட்டால் ஒரு நீண்ட எண் வரும். அவர்கள் வெளியிட்ட எண்ணோடு அது பொருந்த வேண்டும். இறங்கும்போது ஒரேயொரு எழுத்து பிசகியிருந்தாலும் எண் தலைகீழாக மாறிவிடும். எங்கள் இணையத்தில் பிசகாதா? பிசகும். பார்த்துவிட்டே பென்ட்ரைவில் எழுதுங்கள்.

பிறகு கணினியை நிறுத்தி, தொடங்கும்போது எஃப்12, எஃப்2, எஸ்கேப் என்று கம்பனிக்கு ஒரு பொத்தான், அதை அழுத்திப் பென்ட்ரைவில் இருந்து தொடங்கச் சொல்ல வேண்டும். வீட்டுக்கணினியில் லினக்ஸ் போடப் புறப்பட்டவர்களில் பாதிப்பேர் தோற்றுத் திரும்புவது இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம். இன்னொன்று, உங்கள் இயந்திரம் 64 பிட்டா என்று பாருங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் பழைய 32 பிட் கணினிகளுக்கு நிறுவி கிடையாது.

அடுத்தது வட்டைப் பிரிப்பது. பாடப்புத்தகத்தில் இதைப் படித்து ஒருவருக்கும் விளங்கவில்லை என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ஏன் விளங்காது? எங்கள் கரைக்கு வாருங்கள். கரைவலைக்காரருக்குக் கரை முழுவதும் சொந்தமா? இன்ன இடம் தொடங்கி இன்ன இடம் வரை இன்னாருடைய பாடு. அடுத்த பாட்டில் வலை போடப் போனால் சண்டைதான். வட்டும் ஒரு கரை. அதில் முறைமைக்கு ஒரு பாடு. உங்கள் படம், பாட்டு, பாடக்குறிப்புக்கு ஒரு பாடு. அதை ஹோம் என்பார்கள். நினைவகம் நிரம்பினால் ஒதுக்கி வைக்க ஒரு சிறு பாடு, ஸ்வாப். முறைமையையும் ஹோமையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தால், நாளைக்கு முறைமையைக் கெடுத்துக்கொண்டு மறுபடியும் நிறுவ வேண்டிவந்தாலும் உங்கள் பாட்டை அது தொடாது. விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போட வேண்டுமா? அதுவும் பாடு பிரிக்கிற வேலைதான்.

நிறுவுவது ஒரு காலை வேலை. உண்மையில் அதைப் பேச ஒரு கூட்டம் தேவையில்லை. நிறுவிய மறுநாளில் இருந்து அதைப் பார்த்துக்கொள்வது இருக்கிறதே, அதற்குத்தான் உங்களை இங்கே கூட்டினேன். நிறுவி வைத்து ஒருவரும் பார்க்காமல் விட்ட லினக்ஸ் கணினியை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அதுதான் அசல் கட்டாக்காலி!

ரூட்டுக்குக் கடவுச்சொல்லை வெறுமையாக விடச் சொன்னேனே, ஏன்? ரூட் என்பவர் முறைமையின் முதலாளி. அவருக்கு முடியாதது ஒன்றுமில்லை, தன்னைத் தானே அழித்துக்கொள்வது உட்பட. அவராகவே நாள் முழுக்க இருந்து வேலை செய்வது ஆபத்து. அந்த இடத்தை வெறுமையாக விட்டால், டெபியன் முதல் பயனருக்கே சூடோ என்ற உரிமையைக் கொடுத்துவிடும். தேவையான நேரம் மட்டும், தன் கடவுச்சொல்லைச் சொல்லி, முதலாளியின் அதிகாரத்தை எடுத்துச் செய்துவிட்டுத் திரும்பலாம். சிந்திக்க ஒரு கணம் கிடைக்கிறது. அந்தக் கணத்துக்குத்தான் கடவுச்சொல் கேட்கிறது.

மற்றவர்களுக்கு என்ன உரிமை? கடற்கரை வாடியை நினைத்துப் பாருங்கள். சம்மாட்டி உள்ளே போகலாம், சாமான் வைக்கலாம், எடுக்கலாம். தொழிலாளி உள்ளே வரலாம், படுக்கலாம், கணக்குப் புத்தகத்தில் கை வைக்க முடியாது. வழிப்போக்கன் வெளியே. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் இதே மூவர்: உடையவர், குழு, மற்றோர். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் உடையவருக்கு 7. படிக்கவும் இயக்கவும் குழுவுக்கு 5. மற்றோருக்கு 0. ஆக 750. இதைக் கேட்டுப் பயப்படும் பிள்ளை, வாடிக்கு எத்தனை திறப்பு, யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்லும்!

இற்றைப்படுத்துவதற்கு இரண்டு கட்டளைகள். ஆப்ட் அப்டேட், ஆப்ட் அப்கிரேட். இரண்டும் ஒன்றா என்று எல்லா வகுப்பிலும் ஒருவர் கேட்பார். அப்டேட் என்றால் சந்தைக்குப் போய் இன்று என்ன வந்திருக்கிறது என்று கேட்டு வருவது. அப்கிரேட் என்றால் வாங்கிக்கொண்டு வருவது. விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தால் கறி கொதிக்காது.

இனி என் குற்றங்கள் இரண்டைச் சொல்கிறேன்.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் காலத்தில் ஒருநாள், கரன்ட் வந்த சந்தோஷத்தில் ஒரு கணினியை இற்றைப்படுத்தத் தொடங்கினேன். நடுவில் போய்விட்டது. திரும்பி வந்ததும் எதை நிறுவப் போனாலும் முடியாது என்கிறது. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து போடுவோம் என்று பென்ட்ரைவைத் தேடினேன். பக்கத்தில் இருந்த பெடியன், வயது பதினாறு இருக்கும், சொன்னான்: 'அண்ணா, அதிலேயே எழுதியிருக்கே?' உண்மைதான். நிறுவல் இடையில் அறுந்துவிட்டது, இன்ன கட்டளையை இயக்கிச் சரிசெய்யவும் என்று அந்தக் கட்டளையையே எழுதிக் கொடுத்திருந்தது. டிபிகேஜி, கன்ஃபிகர், ஏ. அடித்தேன். ஒரு நிமிடம். சரியாகிவிட்டது. ஐந்து நிமிடமாக அந்தச் செய்தி என் கண் முன்னாலேயே நின்றது, நான் படிக்கவில்லை!

பிழைச்செய்தி வந்தவுடன் அதை மூடப் பாய்கிறது எங்கள் கை. விண்டோஸில் 'ஓகே' என்ற பொத்தானை அழுத்தி அழுத்திப் பழகிய கை. எஞ்சின் இருமும்போது காதை அடைத்துக்கொள்ளும் தொழிலாளி உண்டா? சத்தத்தைக் கேட்டல்லவா பிளக்கா, எண்ணெயா என்று சொல்கிறார்? லினக்ஸ் தனக்கு நடப்பதையெல்லாம் எழுதி வைக்கும். அதற்கு லாக் என்று பெயர். அந்தச் சொல்லே கப்பலில் இருந்து வந்தது. கயிற்றில் கட்டிய மரக்கட்டையைக் கடலில் எறிந்து வேகத்தை அளந்தார்கள். கட்டைக்கு லாக் என்று பெயர். அளந்ததை எழுதிய புத்தகத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. கரையோரப் பிள்ளைகளுக்கு அதைப் படிக்கக் கசக்கக்கூடாது. ஜேர்னல்சிடிஎல் என்று அடித்தால் கொட்டும். நேரம் பார்த்து, கெட்டுப்போன அந்த நிமிடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆங்கிலம் தெரியாதவருக்கும் நாலு சொல் தெரிந்தால் போதும்: தோற்றது, கிடைக்கவில்லை, அனுமதியில்லை, இடமில்லை. எனக்கு வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த நாலுக்குள் அடங்கிவிட்டன.

இரண்டாவது குற்றம் பழையது, பெரியது. பென்ட்ரைவில் எழுத டிடி என்றொரு கட்டளை இருக்கிறது. எங்கிருந்து, எங்கே என்று இரண்டும் சொல்ல வேண்டும். கணினியின் வட்டு எஸ்டிஏ. பென்ட்ரைவ் எஸ்டிபி. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். நான் தட்டியது ஏ. டிடி என்ன செய்யும்? தங்கச்சியிடம் நிறுவி கேட்டதுபோல நிச்சயமா என்று கேட்காது. சொன்னதைச் செய்யும். கணினி அக்காவுடையது. அதில் அவருடைய திருமணப் படங்கள் இருந்தன. வேறெங்கும் படி இல்லை. அக்கா மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. அத்தான் இன்றைக்கும் நல்லது கெட்டதுக்கு அதைச் சொல்லிக் காட்டுவார்.

இந்தக் கூட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஒரு பொலித்தீன் பை இருக்கிறதா இல்லையா? பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டைப் பிரதி, பிள்ளைகளின் பெறுபேறு. எல்லாம் ஒரே பையில். 1990இல் போருக்குத் தப்பி எடுத்துக்கொண்டு ஓடிய பை. வள்ளத்தில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போன பை. எருக்கலம்பிட்டியில் இருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்துக்குப் போனவர்களில் அந்தப் பையைக்கூட எடுக்க விடப்படாதவர்கள் இருக்கிறார்கள். இங்கே அமர்ந்தும் இருக்கிறார்கள். மடுத் தேவாலய மரத்தடியில் அதைத் தலைக்கு வைத்துப் படுத்தவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பை கையில் இல்லாதவர்கள் தாங்கள் யாரென்று நிரூபிக்க எத்தனை வருடம் கச்சேரி வாசலில் நின்றார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

காப்புப் பிரதி என்று புத்தகத்தில் போடுவது அந்தப் பையைத்தான். எங்கள் சனத்துக்கு இதை நான் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் அதே சனத்தின் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே கைப்பேசியில் வைத்துக்கொண்டு கடலில் குளிக்கப் போகிறார்கள். ஆர்சிங் என்று ஒரு கட்டளை. மாறியதை மட்டும் பார்த்து இன்னொரு வட்டுக்குப் படியெடுக்கும். கிரான் என்று ஒன்று. தினமும் இரவு இன்ன நேரத்துக்குச் செய் என்று சொல்லிவிட்டால் மறக்காமல் செய்யும். ஒரு படி வீட்டில், ஒரு படி வேறொரு வீட்டில். அக்காவின் படங்களுக்கு இந்த அறிவு பிந்தி வந்தது.

எல்லாமே தேன் என்று சொல்லி உங்களை ஏமாற்ற நான் வரவில்லை. சில அச்சுப்பொறிகள் லினக்ஸோடு சண்டை பிடிக்கும். சில வைஃபை சில்லுகளும் அப்படியே. அதனால் நிறுவ முன்னர் பென்ட்ரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கிற லைவ் பதிப்பில் சோதித்துவிடுங்கள். கணக்கியல் மென்பொருளில் வேலை செய்யும் கடைக்காரர் அவசரப்பட வேண்டாம். அலுவலகங்களில் பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்புகள் லினக்ஸில் புரியாத ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். அது லினக்ஸின் பிழையில்லை. பாமினி அடியில் ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டு மேலே தமிழ் வேடம் போடும் எழுத்துரு. யுனிகோடுக்கு மாற்றினால் சரி. தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் என்ற பொதிகளை நிறுவினால் தமிழ்99 வரும், எங்கள் நாட்டு ரெங்கநாதன் விசைப்பலகையும் வரும். ஆனால் இருபது வருடம் பாமினியில் ஓடிய விரலுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அம்மாவைப் பார்த்து அறிந்தவன் நான். விரலைத் திட்டாதீர்கள். அவகாசம் கொடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண தரப் பாடநூலில் பணிசெயல் முறைமை என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. பிள்ளைகள் அதன் தொழிற்பாடுகளை ஒப்புவிக்கிறார்கள், புள்ளியும் எடுக்கிறார்கள். ஒரு முறைமையைக் கையால் நிறுவிய பிள்ளை எத்தனை? பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். அங்கே ஐடி அட் ஸ்கூல் என்ற திட்டத்தின் கீழ் அரசுப் பாடசாலைகளில் லினக்ஸ் பரவியது. அதைப் பரப்பியவர்கள் கம்பனிக்காரர்களா? ஆசிரியர்கள். கணிதம், உயிரியல், மலையாளம் படிப்பித்தவர்களே பயிற்சி எடுத்து, தங்கள் பாடசாலைக் கணினிகளைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். எங்கள் பாடசாலைகளில் கணினி கெட்டால் அறையைப் பூட்டிவிட்டுக் கல்வி வலயத்துக்குக் கடிதம் எழுதுகிறோம். பூட்டிய அறைக்குள் கணினிகள் என்ன செய்கின்றன? கறல் பிடிக்கின்றன. கெட்ட கணினியைத்தான் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும், ஐயா! ஏற்கெனவே கெட்டதை இன்னும் எப்படிக் கெடுப்பது? அந்தப் பயம் இல்லாத இயந்திரத்தில்தான் கை பழகும்.

மறுபடியும் கை காட்டுகிறீர்கள் தங்கச்சி. கிரப் என்ற தொடக்க ஏற்றியை எங்கே எழுதுவது என்றா? கவனம். என் அக்காவின் கதையைக் கேட்டீர்கள்தானே? எஸ்டிஏ, எஸ்டிபி இரண்டில் எது கணினியின் வட்டு? பக்கத்தில் உள்ள பெயரைப் பாருங்கள். வட்டின் பெயர் எது, பென்ட்ரைவின் பெயர் எது? ஆம். அதுதான். அழுத்துங்கள்.

நிறுவல் நிறைவடைந்தது என்று வந்துவிட்டதா? கைதட்டாதீர்கள், இன்னும் எழும்பவில்லை. பென்ட்ரைவைக் கழற்றுங்கள். மீளத் தொடங்கட்டும்.

கொஞ்சம் பொறுங்கள். பழைய வட்டு, உருண்டு எழும்ப நேரம் எடுக்கும்.

இதோ. பெயர் கேட்கிறது, கடவுச்சொல் கேட்கிறது. என்னைப் பார்க்காதீர்கள் தங்கச்சி. நான்தான் அந்தப் பக்கம் திரும்பி நின்றேனே. எனக்குத் தெரியாது.